கெட்டிக்காரப் பிள்ளையின் விடுதி

"முதலிலை நன்றியைச் சொல்லும் தம்பி. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்" என்றார் குருசுமுத்து.

மொழிபெயர்க்க வந்திருந்த மரியதாசன், விடுதிப் பள்ளியின் தலைமையாசிரியை கிர்ஸ்டனிடம் டேனிஷ் மொழியில் நன்றியைச் சொன்னான். மேசையில் ஒரு தகரப் பேணி நிறையப் பயற்றம் பணியாரம் இருந்தது. லூர்தம்மா மன்னாரிலிருந்து கட்டிக்கொண்டு வந்தது.

லூர்தம்மா முந்தாநாள்தான் டென்மார்க்கில் வந்து இறங்கியிருந்தாள். கணவர் குருசுமுத்துவும் மகன் நீக்கிலாசும் சண்டைக்குத் தப்பி இரண்டு வருடம் முன்னரே வந்துவிட்டார்கள். குருசுமுத்துவுக்கு ஹேர்னிங் நகரில் துணி ஆலை வேலை. மகனை அவள் இன்னும் கண்ணால் காணவில்லை.

"எங்கட ஊரிலை விடுதியிலை இடம் கிடைக்கிறதெண்டால் லேசோ? ஃபாதர்மார் ஆளைப் பாத்து, படிப்பைப் பாத்துத்தான் எடுப்பினம். இஞ்சை எங்கட பெடியனை வெள்ளைக்காரரே தேடிவந்து எடுத்திருக்கினம்!" காரில் வழிநெடுக அவர் பெருமை பேசிக்கொண்டு வந்தார். லூர்தம்மா பூரித்துப்போயிருந்தாள்.

ஆனால் மரியதாசனுக்கு விசயம் தெரியும். இது கெட்டிக்காரப் பிள்ளைகளின் விடுதி இல்லை. வீட்டை விட்டு ஓடியவர்கள், கடையில் களவெடுத்தவர்கள், யார் சொல்லும் கேளாதவர்கள் என்று தடம் மாறிய பிள்ளைகளை அன்பாக வைத்துத் திருத்துகிற இடம். நீக்கிலாஸ் ஸ்டேசனடிக் கூட்டாளிகளோடு சேர்ந்து, யாரோ ஒருவருடைய காரைக் களவாக ஓட்டிப் பொலிசில் பிடிபட்டவன். நகரசபை அதிகாரி இதையெல்லாம் தகப்பனுக்கு இங்கிலீசில் விளக்கினாராம். மனிதர் "தாங்க் யூ, தாங்க் யூ" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாராம். என்ன விளங்கியதோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

கிர்ஸ்டன் மெதுவாகப் பேசினாள். "நீக்கிலாஸ் நன்றாகத் தேறிவருகிறான். ஆனால் இன்னும் ஒரு வருடமாவது இங்கே இருக்க வேண்டும். இப்போது வெளியே போனால் பழைய கூட்டம் அவனை விடாது. தாயும் தகப்பனும் சம்மதித்தால்தான் வைத்திருப்பேன். அவன் ஏன் இங்கே வந்தான் என்பதையும் அவர்களுக்குச் சொல்லுங்கள்."

மரியதாசன் யோசித்தான். களவு என்ற சொல் காதில் விழுந்தால், இந்த மனிதர் மானம் போச்சென்று மகனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு அந்தப் பிள்ளையின் கதி?

"மகன் நல்ல கெட்டிக்காரனாம் அண்ணை. இன்னும் ஒரு வருசம் வைச்சுப் படிப்பிக்க ஆசைப்படுகினம்."

"பாத்தீரே!" என்று குருசுமுத்து மனைவியைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து, வெளியே பச்சைத் தலைமயிரோடு ஒருவன் குப்பைவாளியை ஓங்கி உதைத்துவிட்டு ஏதோ கத்திக்கொண்டு போனான்.

லூர்தம்மா பதறினாள். "இஞ்சருங்கோ, என்ன இது?"

"அவங்கள் புட்போல் பழகிறாங்கள்" என்றார் குருசுமுத்து.

"தலை பச்சையாக் கிடக்குது?"

"அது அவங்கடை புட்போல் ரீமின்ரை கலர்."

மரியதாசன் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். பாவம், இப்படியும் ஒரு அப்பாவி மனிதர்!

ஆனால் லூர்தம்மா லேசில் மசியவில்லை. "இன்னும் ஒரு வருசமோ? ஏலாது. படிச்சது காணும். நான் பெத்த பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போறன்."

"உமக்கென்ன விசரே? ஆருக்குக் கிடைக்கும் இந்த இடம்? ஞாயிறுக்கு ஞாயிறு வந்து பாப்பம். என்ரை ராசாத்தியெல்லே, ஓமெண்டு சொல்லும்." குருசுமுத்துவின் குரல் கெஞ்சியது. நெற்றி வியர்த்திருந்தது.

கதவு திறந்தது. நீக்கிலாஸ் நின்றான். தச்சுப் பட்டறையிலிருந்து ஓடிவந்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் மரத்தூள். "அம்மா!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டான். இரண்டு பேரும் அழுது ஓய நேரமெடுத்தது.

"வீட்டை வா ராசா."

"வருவன் அம்மா. ஆனா இப்ப இல்லை. நான் இஞ்சையே இருக்கிறன். இவ என்னை நல்லாப் பாக்கிறா."

லூர்தம்மா மகனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கிர்ஸ்டனின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டாள். "நான் இல்லாத நேரம் என்ரை பிள்ளைக்குத் தாயா இருந்தனீங்கள். இன்னும் ஒரு வருசம் உங்களோடையே இருக்கட்டும். நீங்கள் நல்லா இருக்கோணும்."

அதை மட்டும் மரியதாசன் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்தான். கிர்ஸ்டனின் கண்களும் கலங்கின.

தாய் மகனுக்குப் பணியாரம் ஊட்டிக்கொண்டிருக்க, ஆண்கள் இருவரும் காரடிக்கு வந்தார்கள். பொய் சொன்னது மரியதாசனின் நெஞ்சை அறுத்தது. "அண்ணை, குறை நினையாதையுங்கோ. உள்ளுக்கை நான் சொன்னது அப்பிடியே அவ சொன்னதில்லை. இந்தப் பள்ளிக்கூடம் வந்து..."

குருசுமுத்து ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மனைவி தூரத்தில்தான் இருந்தாள்.

"உம்மட வாய்க்குச் சீனி போடோணும் தம்பி. அவளுக்கு முன்னாலை உள்ளதைச் சொல்லிப்போடுவீரோ எண்டு உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

மரியதாசன் திகைத்துப்போனான். "அப்ப... உங்களுக்கு எல்லாம் தெரியுமோ?"

"தெரியாமலோ? தாய் வந்து இறங்கிறதுக்கிடையிலை ஆராவது இவனை மனுசனாக்கித் தரட்டுமெண்டு, அவன் ஒளிச்சுக்கிடந்த இடத்துக்குப் பொலிசைக் கூட்டிக்கொண்டு போனதே நான்தானே!"