மூன்றாம் படியில் பாசி

மலைமேல் கோயிலில் உள்ள வெந்நீர்ச் சுனையில் குளித்தால் முட்டிவலி போகும் என்று கேள்விப்பட்டு, பாப்பிரெட்டிப்பட்டியில் மோட்டாரை விட்டு இறங்கினாள் சின்னக்கா. கூட வந்த ஆறு பேருக்கும் சேர்த்து வழிகாட்டி செல்லன்.

"ஏம்பா, பத்தடி முன்னாலேயே ஓடறியே, கொஞ்சம் கூடத்தான் வாயேன்."

"முன்னால போனாத்தானுங்க முள்ளு, கல்லு தெரியும்."

"சொனையில வழுக்குமா? எனக்கு அதுதான் பயம்."

"எடது பக்கமா எறங்குங்கம்மா. மூணாம் படியில பாசி. நாலாம் படியில நின்னா இடுப்பளவு தண்ணி, கறந்த பாலாட்டம் வெதுவெதுன்னு இருக்கும்."

அவன் சொன்ன விதத்திலேயே பாதி பயம் போய்விட்டது.

கோயில் வாசற்கல் வந்ததும் செல்லன் புளியமரத்தடியில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னப்பா உக்காந்துட்ட? வந்து கையப் புடிச்சு எறக்கி வுடு."

"எங்க சாதி ஆளுங்க இந்தக் கல்லைத் தாண்டக் கூடாதுங்க."

சின்னக்கா திகைத்தாள். "அப்ப படி, பாசி, சூடெல்லாம் எப்படித் தெரியும்?"

"குளிச்சுட்டு வர்றவங்களைக் கேட்டுக்குவேங்க. அந்தப் பாசி இன்னும் இருக்குதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்கம்மா. அடுத்த மோட்டாருல வர்றவங்களுக்குச் சொல்லணும்."