இன்னொரு துண்டு துணி

காலனிக் குழாயடியில், காலை வெயிலுக்கு நேராக, நிஷா இரண்டு துணிகளை உயர்த்திப் பிடித்திருக்கிறாள். ஊர்த்தெருத் தண்ணீர் ஒரு குடம், காலனித் தண்ணீர் ஒரு குடம் என்று அவளும் அவளோடு படிக்கும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளும் தனித்தனியாக வடிகட்டிய துணிகள் அவை. ஊர்த்தெருத் துணி வெள்ளையாகவே இருக்கிறது. காலனித் துணியில் துருநிறக் கறையும் ஈர மணலும். "எல்லாம் ஒரே டேங்க் தண்ணிதான். உங்க துணிதான் அழுக்கு," என்கிறார் தண்ணீர் திறந்துவிடும் பாண்டுரங்கன். பிள்ளைகளோடு வந்திருக்கும் பரிமளா டீச்சர் பேச வாயெடுப்பதற்குள் நிஷா முந்திக்கொள்கிறாள். "ஒரே வேட்டியக் கிழிச்சிதாண்ணா ரெண்டும் எடுத்தோம். இந்தா, அதுலயே இன்னொரு துண்டு கீது. இப்ப நீயே வடிகட்டிப் பாரு." பைக் சாவியைச் சுற்றிக்கொண்டிருந்த அவர் விரல் நின்றுவிடுகிறது. குழாய் சொட்டுகிறது. அவர் துணியை வாங்கவில்லை. நிஷாவும் நீட்டிய கையை இறக்கவில்லை.