தானே நகரும் ஸ்ட்ரெச்சர்

“உங்க அப்பாவுக்குப் பந்தாய் யாரும்மா?”

மூன்று வாரத்துக்கு முன்னால், சிங்கப்பூரிலிருந்து வந்து பெட்டியோடு வார்டுக்குள் நுழைந்த எவாவிடம் நர்ஸ் கேட்ட முதல் கேள்வி இதுதான். நோயாளி பக்கத்திலேயே கிடந்து, மருந்து வாங்கி, கஞ்சி ஊட்டி, துணி மாற்றுகிற ஆளுக்குத்தான் பிலிப்பைன்ஸின் இலோயிலோவில் பந்தாய் என்று பேர். அன்றைக்கு அவசரத்தில் “நான்தான்” என்று சொல்லித் தொலைத்தாள்.

இன்று அப்பாவுக்கு டிஸ்சார்ஜ். பக்கவாதம் வந்ததிலிருந்து ஃபவுஸ்தோ ஒரு வார்த்தை பேசவில்லை. யார் என்ன சொன்னாலும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் எவா சிங்கப்பூர் திரும்பாவிட்டால், அவள் வேலை செய்யும் வீட்டில் வேறு ஆள் வந்துவிடும்.

அந்த ஆஸ்பத்திரியில் எழுதி வைக்காத ஒரு வழக்கம் இருந்தது. ஸ்ட்ரெச்சரின் கைப்பிடியைப் பிடித்து வாசல்வரை யார் தள்ளுகிறாரோ, அவர் வீட்டுக்குத்தான் நோயாளி போவார். வார்டே பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் மாற்றிப் பேச முடியாது.

அதனால் மூன்று பிள்ளைகளும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

“மனோங், நீ பெரியவன். நீதான் பிடிக்கணும்” என்றாள் எவா அண்ணனிடம்.

“என் பன்னி இப்பத்தான் குட்டி போட்டிருக்கு. அதுங்களைப் பார்க்கவே ஆளில்ல” என்றான் டெல்ஃபின்.

“ஆமா, அப்பாவை விட அதுங்களுக்குத்தான் உன் சாடை இருக்கு.”

“மனாங், கத்தாதே” என்று கடைக்குட்டி ரமில் அக்காவை அடக்கினான். “நான் கூட்டிட்டுப் போயிடுவேன். ஆனா என் வீட்டுக்கு மாடிப்படி ஏறணும்.”

“நீ கீழ்வீட்டுலதானடா இருக்கே?”

“மாறப்போறேன்.”

அப்போது ஒரு பெண் பளபளவென்ற புது ஸ்ட்ரெச்சர் ஒன்றோடு வந்தாள். பேர் கிளாரிஸ். ஸ்ட்ரெச்சர் கம்பெனி விற்பனையாளர். ஓட்டிக்காட்ட ஆஸ்பத்திரி அனுமதி கொடுத்திருந்தது.

“சார், மேடம், உங்க அப்பாவை இதுல கூட்டிட்டுப் போகலாமா? மோட்டார் வண்டி. பேட்டரியில ஓடும். யாரும் தள்ளவே வேண்டாம்.”

மூன்று முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்தன.

“யாருமே வேண்டாமா?” என்றான் டெல்ஃபின்.

“வேண்டாம் சார். இப்ப மணிலா, செபு எல்லா இடத்துலயும் இதைத்தான் கேட்கிறாங்க. ஆஸ்பத்திரியில தள்ள ஆளில்ல, வீட்டுலயும் ஆளில்ல. புள்ளைங்க வெளிநாட்டுக்குப் போகப் போக எங்க வியாபாரம் ஏறிக்கிட்டே இருக்கு!” என்று அவள் சந்தோஷமாகச் சொன்னாள். எவா தரையைப் பார்த்தாள்.

ஃபவுஸ்தோவை மாற்றிப் படுக்கவைத்தார்கள். கிளாரிஸ் பெல்ட்டைப் போட்டு, தலைப்பக்கத்தை உயர்த்தி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அவர் காதருகே குனிந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பேசுகிறவர்களோடெல்லாம் பேசி முடித்துவிட்டு இப்போது பேசாதவரிடம் வந்துவிட்டாள் போலிருக்கிறது என்று எவா நினைத்துக்கொண்டாள்.

“நீங்க மூணு பேரும் வழியில தள்ளித்தள்ளி நில்லுங்க” என்றாள் கிளாரிஸ். “ஆள் முன்னாடி நின்னா வண்டி இடிக்காது, அப்படியே நின்னுடும். அதுதான் இதுல விசேஷம்.”

ரமிலுக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. வார்டு வராந்தாவில் நின்றபடியே மற்ற இருவரிடமும் சொன்னான்.

“வண்டி யாரு முன்னாடி நிக்குதோ, அவங்க அப்பாவைக் கூட்டிட்டுப் போகணும். மெஷினுக்கு ஓரவஞ்சனை கிடையாது. சரியா?”

“மெல்லப் பேசுடா, அப்பா இருக்காரு.”

“அவருக்கு என்ன புரியப்போகுது, மனாங்?”

டெல்ஃபின் சிலுவைக் குறி போட்டுக்கொண்டான். சரி என்று மூவரும் தலையாட்டினார்கள்.

ஸ்ட்ரெச்சர் சத்தமில்லாமல் கிளம்பியது. நேராக டெல்ஃபினை நோக்கி வந்தது. அவன் செருப்பில் ஏதோ குத்திவிட்டதுபோல நொண்டிக்கொண்டே சுவரோரம் ஒதுங்கினான். ஸ்ட்ரெச்சர் அவனைத் தாண்டியது.

பிறகு மெல்ல வளைந்து ரமில் பக்கம் திரும்பியது. அடிக்காத போனைக் காதில் வைத்து “சொல்லு, சொல்லு” என்றபடி அவன் ஜன்னல் பக்கம் போனான்.

அடுத்தது எவா. அசையக்கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். மூன்று வாரமாகக் கஞ்சி ஊட்டிய வாய், தலை சீவிவிட்ட நரைமுடி, எல்லாம் நெருங்கி வந்தன. ஞாயிற்றுக்கிழமை விமானமும் ஞாபகத்துக்கு வந்தது. அவள் கால் அரை அடி நகர்ந்தது. அந்த அரை அடி போதுமானதாக இருந்தது. ஸ்ட்ரெச்சர் அவள் பாவாடையை உரசிக்கொண்டு கடந்துபோனது.

“பாரு, யாரு முன்னாடியும் நிக்கல!” என்று ரமில் சிரித்தான். “மிஸ், உங்க மெஷின் எங்க மூணு பேரையும் தேடித்தேடி வந்துச்சே, எப்படி? அதுக்கு அவ்வளவு அறிவா?”

“அதுக்கு ஏது சார் அறிவு?” என்றாள் கிளாரிஸ். “போர்வைக்குள்ள, நல்லாயிருக்கிற கைகிட்ட ஒரு குமிழ் இருக்கு. படுத்திருக்கிறவர் எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம் போகும். உங்க அப்பா ஒரே தடவையில பிடிச்சுக்கிட்டார், கெட்டிக்காரர்!”

எவா திரும்பிப் பார்த்தாள். ஃபவுஸ்தோ ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.