கரிக்கும் தண்ணீர்

கீலுங் துறைமுகத்தில் பீ-யுன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தாள். மீன்பிடிக்கத் தனியாகப் போன அவள் கணவன் துங் திரும்பவில்லை. நான்காம் நாள், கடையில் கண்ணாடிக் குவளையில் வைத்திருந்த அதிர்ஷ்ட மூங்கிலின் இலைநுனிகள் கருகின. தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது.

வேறு தண்ணீர் மாற்றினாள். மறுநாள் காலையிலும் கரித்தது. தினமும் மாற்றினாள், தினமும் கரித்தது.

முப்பதாம் நாள் கொழுந்தன் லியாங்கும் சுவைத்துப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

“அண்ணி, அண்ணன் கடல்லயே அலையுறாரு. சடங்கு செஞ்சு அனுப்பி வைக்கச் சொல்றாரு.”

“உடம்பே கிடைக்கலியே, லியாங்.”

“சட்டை இருக்குல்ல? இன்னும் எத்தனை நாளைக்கு அவரைத் தவிக்க விடுவீங்க?”

திங்கட்கிழமை, துங்கின் நீலச் சட்டையைச் சவப்பெட்டிக்குள் மடித்து வைத்து, இறந்தவருக்கான காகிதப் பணம் எரித்து, அழுது வழியனுப்பினார்கள். செவ்வாய் காலை தண்ணீர் கரிக்கவில்லை. பீ-யுன் பல நாள்களுக்குப் பின் வயிறாரக் கஞ்சி குடித்தாள்.

வியாழனன்று, கடலில் மிதந்துகொண்டிருந்த படகைக் காவல்படையினர் இழுத்து வந்தார்கள். துங் அதில்தான் இறந்து கிடந்தான், எலும்பும் தோலுமாக. மழைநீரைக் குடித்து இத்தனை நாள் உயிரைப் பிடித்துவைத்திருக்கிறான் என்றார் டாக்டர்.

“எப்போ உயிர் போச்சு?” என்றான் லியாங்.

“ரெண்டு நாள் இருக்கும். அதுக்கு மேல இல்ல.”

பீ-யுன் கடைக்கு வந்து, மூங்கில் குவளையில் ஒரு கைப்பிடி உப்பை அள்ளிப் போட்டாள்.

மறுநாள் காலையில் நாக்கில் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் கரிக்கவில்லை.