புலிமேல் ஒரு தேன்சிட்டு

வெள்ளவத்தையில் மத்தியான வெயில் கடைச் சுவரில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது. சுவர் முழுக்கப் பழைய பீடி விளம்பரப் புலி படுத்திருக்கிறது. அதைக் கண்டு ஆமிக்காரர் இயக்கத்து ஆள் என்று தன்னை ஏற்றிப் போவார்களோ என்று சிவபாதசுந்தரம் முதலாளிக்குப் பயம். வெறும் வெள்ளை அடித்தால் எதை மறைத்தாய் என்று கேட்பார்களாம். அதனால் புலிமேல் தேன்சிட்டு வரைகிறேன். எத்தனை தரம் நீலம் பூசினாலும் அடியிலிருந்து மஞ்சள் எட்டிப் பார்க்கிறது. கை கடுக்கிறது, எரிச்சலாக வருகிறது.

"என்ன தங்கையா, உன்ர குருவி மாடு மாதிரி வளருது?"

"விரலளவு குருவிய வச்சு அம்மாம் பெரிய ஒடம்ப மூட முடியுங்களா மொதலாளி?"

"அப்ப புலியின்ர வால்?"

"இப்பத்தாங்க பூசுனேன். காயணும்."

பாமன்கடைச் சந்திப் பக்கமிருந்து ஆமி ஜீப் ஒன்று திரும்புகிறது. முதலாளி பாய்ந்துபோய் வாலை மறைத்துச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். சிரிக்கப் பார்க்கிறார். ஜீப் நிற்காமலே போகிறது.

"போயிட்டாங்கள்" என்று மூச்சுவிட்டு விலகுகிறார். நான் பூசிய நீலமெல்லாம் அவருடைய வெள்ளைச் சட்டை முதுகில் இருக்கிறது. சுவரில் புலிவால், கழுவித் துடைத்ததுபோல, வரிவரியாகத் துலங்குகிறது.