மாமனார் காட்டிய வழி

மூன்றாவது வேலியையும் குனிந்து தாண்டியபோதுதான் மாப்பிள்ளைக்கு உறைத்தது. மாமனார் வழியைத் தொலைத்துவிட்டார். ஒத்துக்கொள்ளத்தான் அவருக்கு மனம் வரவில்லை.

மணி மூன்றே முக்கால். ஐந்து மணி ரயிலை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது; ஞாயிற்றுக்கிழமை அந்தப் புறநகருக்கு அவ்வளவுதான் மரியாதை. மூன்று வாரமாகப் பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் மனைவியை இன்று கையோடு கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்றுதான் அவன் வந்திருந்தான்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பலாம் என்று சொன்னான். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எழுந்து உள்ளே போய்ப் பெட்டியை எடுத்துத் துணி அடுக்க ஆரம்பித்தாள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவனே நினைக்கவில்லை.

அவள் அடுக்கி முடிப்பதற்குள் காலாற நடந்துவிட்டு வரலாம், தெருமுனையைத் தாண்டினால் வயல்வெளிதான், நல்ல காற்று என்றார் மாமனார். மாமனார் வாய்விட்டுக் கூப்பிட்டால் மாப்பிள்ளை எப்படி மாட்டேன் என்பது? மாமியார் அவன் போனை வாங்கிச் சார்ஜில் போட்டாள். அரை மணி நேரம் என்றுதான் பேச்சு.

ஒரே அச்சில் வார்த்த வீடுகள் முடிந்தன. தார் ரோடு மண்பாதையாகி, மண்பாதை ஒற்றையடிப் பாதையாகி, இப்போது வெறும் புல்தான் இருந்தது. ஆபீஸுக்குப் போடுகிற ஷூ குதிகாலைக் கடித்தது.

"மாமா, வந்த வழியே திரும்பிடலாம்."

"அது சுத்து மாப்பிள்ளை. இப்படி ஏறி இறங்கினா வீட்டுப் பக்கத்துலயே போய் நிப்போம்."

பத்து நிமிடத்துக்கு முன்பும் இதையேதான் சொன்னார்.

மேட்டில் ஒரு மின்கம்பம் சாய்ந்து நின்றது. லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற மாமனார் நின்று அதைத் தட்டிக் கொடுத்தார். நூற்றுப் பதினாலாம் கம்பம், மழை வந்துவிட்டால் இவனோடு ஒரே தகராறு என்றார். எண் எழுதியிருந்த இடத்தில் பெயிண்ட் எப்போதோ உரிந்து போயிருந்தது. கம்பத்தின் கதை கேட்கிற பொறுமை மாப்பிள்ளைக்கு இல்லை.

ஓடையோரம் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணிடம் அவனே ஓடிப்போய் வழி கேட்டான். ஓடையை ஒட்டியே போனால் பத்து நிமிடத்தில் ரோடு என்றாள் அவள். மாமனார் அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

"அவ காலுக்குத்தான் அது பத்து நிமிஷம். உங்க ஷூவுக்கு அரை நாள்" என்றார்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் போனான். திட்டவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் வழி தெரியாது. கட்டிய பெண்ணின் அப்பாவாகப் போய்விட்டார்.

பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் மாமனார் நின்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அன்றைக்கு முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவளுக்கு வெளியூர் ஆஸ்பத்திரி லேப்ல வேலை வந்துச்சே மாப்பிள்ளை. நாளைக்குள்ள சேரணும்னு சொன்னா. ரொம்ப ஆசையா இருந்தா."

"அது முடிஞ்சுபோன கதை மாமா. அந்த லெட்டரை நான் அன்னைக்கே கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு?"

மாமனார் மெல்லத் தலையை ஆட்டினார். வலப்பக்கம் இறக்கம், இடப்பக்கம் ஏற்றம். அவர் இடப்பக்கம் திரும்பினார்.

ஏற்றம் முடிகிறபாடாக இல்லை. நாலரை ஆயிற்று, நாலே முக்கால் ஆயிற்று. வீட்டுக்குப் போனதும் மாமியாரிடம் முதல் வேலையாக ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை நினைத்துக்கொண்டான். இனிமேல் இவரைத் தனியாக வெளியே விடக் கூடாது.

உச்சிக்கு வந்தபோது ஸ்டேஷன் தெரிந்தது. வெகு தூரத்தில், கீழே, தீப்பெட்டி அளவுக்கு. ரயில் வந்து நின்றுகொண்டிருந்தது.

அவன் நாலு எட்டு ஓடினான். பிறகு ஓடிப் பயனில்லை என்று தெரிந்து நின்றுவிட்டான். வண்டி ஊதியது, நகர்ந்தது.

"உங்களை நம்பி வந்தேன் பாருங்க மாமா, என்னைச் சொல்லணும்."

மாமனார் கடைசிப் பெட்டி வளைவில் மறையும் வரை வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்திலிருந்த புதரைக் கையால் ஒதுக்கினார். புதருக்குப் பின்னால் கல்படிகள். படிகள் முடிகிற இடத்தில் ரோடு. ரோட்டின் முனையில் அவர் வீட்டு மொட்டை மாடி.

மாப்பிள்ளைக்கு எரிச்சல் தலைக்கேறியது. சரி, போகட்டும், நாளை முதல் வண்டியில் அவளை ஏற்றிவிட வேண்டியதுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

"இந்த வழி உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மாமா?"

மாமனார் முதல் படியில் கால் வைத்தார்.

"அவ அந்த வண்டியிலதான் போறா மாப்பிள்ளை."