இரண்டு வருடப் பூஜ்யம்

“டாக்டரம்மா, இவளுக்குச் சிவப்புச் சிவப்பா போட்டிருக்கு! ஊசி போட்டா தட்டம்மை எட்டிக்கூடப் பார்க்காதுன்னு சொன்னீங்களே!”

போர்வையில் சுருட்டி வந்த ஏழு வயது மகளைத் தாய் மேசைமேல் உட்கார வைத்தாள்.

டாக்டர் போர்வையை விலக்கிப் பார்த்தார். குளிர்பெட்டியில் வைக்காவிட்டாலும் கெடாத புதுத் தடுப்பூசி அது. இந்த எட்டுத் தெருக்களில் எண்ணூறு குழந்தைகளுக்குப் போட்டுவிட்டு, யாருக்காவது தட்டம்மை வருகிறதா என்று டாக்டரும் நர்ஸும் இரண்டு வருடமாக வீடு வீடாக ஏறி இறங்கிக் கணக்கெடுத்திருந்தார்கள். முன்பெல்லாம் வருடத்துக்கு ஐம்பது குழந்தைகளாவது படுக்கும். ஊசிக்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கணக்கு இன்றோடு முடிகிறது. மதியம் அறிக்கை போக வேண்டும்.

நர்ஸ் காதருகே குனிந்தாள். “வேர்க்குருன்னு எழுதிடலாம் மேடம். கரை சேர்ற நேரத்துல கவுத்திடாதீங்க.”

“எழுதிடலாம். நாளைக்குக் கரண்டே இல்லாத ஊர்க் குழந்தைங்களுக்கும் இதைத்தானே போடப்போறாங்க? அவங்க அம்மாங்களுக்கு யார் பதில் சொல்றது? இருக்கிறதை எழுது.”

நர்ஸ் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ‘சந்தேகம்: ஒன்று’ என்று எழுதினாள்.

“ஊசி போட்ட உடம்புல எப்படி வேணா வரலாம். ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்” என்றார் டாக்டர்.

“ரத்தமா?” சிறுமி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். கையைக் குடு கண்ணு.”

டாக்டர் முழங்கை மடிப்பை ஸ்பிரிட் பஞ்சால் அழுத்தித் துடைத்தார். பஞ்சு சிவந்தது. அங்கிருந்த நான்கு புள்ளிகளைக் காணோம்.

இன்னொரு முறை துடைத்தார். இன்னும் மூன்றைக் காணோம்.

“அடிப்பாவி!” தாய் கையை ஓங்கினாள். “இன்னிக்குக் கணக்குப் பரீட்சை. அதுக்குத்தானே இந்த வேலை?”

நர்ஸ் ‘ஒன்று’ என்பதை அடித்துவிட்டு, பெரிய பூஜ்யமாகப் போட்டாள். போதாதென்று அதன்மேலேயே இன்னொரு சுழி சுழித்தாள்.

டாக்டருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. “ஏன்டி, தட்டம்மை முதல்ல காதுக்குப் பின்னாடியும் முகத்துலயும்தான் வரும். நீ கையிலயும் வயித்துலயும் போட்டு வச்சிருக்க. இதுகூடத் தெரியாதா?”

“எப்படித் தெரியும்?” சிறுமி விசும்பினாள். “யாரையாவது பார்த்துப் போடலாம்னா, எங்க ஸ்கூல்லயே ஒருத்தருக்கும் வரலையே!”